ரோல் பாரா, கூரையா, சீட்டுக்கு நடுவிலா: ஜீப்பில் வேட்டை ரைஃபிளை எங்கே மாட்டுவது?

கேள்வி:
நான்கு சக்கர இயக்கம் உள்ள ஜீப், உள்ளே ரோல் பார் (வண்டி உருண்டால் ஆட்களைக் காக்கும் குழாய்) உண்டு. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்திய, கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். இப்போது பின் சீட்டில் உறையோடு கிடக்கிறது, ஒவ்வொரு பள்ளத்திலும் கீழே விழுகிறது. தலைக்கு மேலே கூரையில் ரேக் போடுவதா, இரண்டு சீட்டுக்கு நடுவே நிறுத்துவதா? காந்த ஹோல்டரே போதும் என்கிறார் நண்பர். வண்டியின் உடம்பில் துளை போடாமல் முடிந்தால் நல்லது.

பதில் (எழுத எழுதத் தேதியோடு சேர்த்தது):

6 ஆகஸ்ட், இரவு 9:40
காந்தம் வேண்டாம். முதலில் அதை ஒதுக்கிவிடுங்கள்.

ஸ்கோப்போடு சேர்த்தால் வேட்டை ரைஃபிள் ஏறக்குறைய 4 கிலோ. மணிக்கு 50 கிலோமீட்டரில் போய் எதிலாவது மோதி, வண்டியின் முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் வண்டியின் வேகம் குறைவது சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 20 மடங்கு. அந்த நேரத்தில் 4 கிலோ ரைஃபிள் தன் பிடிமானத்தை 80 கிலோ கனத்தோடு இழுக்கும். உச்ச நொடியில் அதைவிடவும் அதிகம். காந்த ஹோல்டர் அட்டையில் அச்சடித்திருக்கும் கிலோ, தடித்த இரும்பிலிருந்து நேராகப் பிடுங்கும்போது அளந்தது. வண்டித் தகடு மெல்லியது, மேலே பெயின்ட் வேறு, இழுப்பு வருவதோ பக்கவாட்டில். அந்த எண்ணில் ஒரு சிறு பங்கு மிஞ்சினாலே அதிகம்.

இரட்டைப் பக்க ஒட்டும் டேப்புக்கும் இதே பதில். வெயிலில் நின்ற வண்டிக்குள் பசை இளகிவிடும்.

6 ஆகஸ்ட், இரவு 10:05
ஒன்று எழுத விட்டுப் போயிற்று, உண்மையில் இதுதான் முதலில் வந்திருக்க வேண்டும். எந்த ரேக்காக இருந்தாலும் ரைஃபிள் காலியாகத்தான் ஏறும். மேகசின் (தோட்டாக் கூடு) வெளியே, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) காலி, கண்ணால் பார்த்து விரலாலும் தடவிப் பார்த்தாயிற்று. முடிந்தால் போல்ட்டையும் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள். வண்டியில் எந்த நிலையில் எடுத்துப் போகலாம், பூட்டிய பெட்டி கட்டாயமா, கைக்கு எட்டும் இடத்தில் வைக்கலாமா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும் சட்டம். ரேக்கைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அதைப் படித்துவிடுங்கள். அழகாகப் பொருத்திய கூரை ரேக் உங்கள் ஊர்ச் சட்டப்படி செல்லாது என்று தெரிந்தால், துளைகளும் செலவும்தான் மிச்சம்.

8 ஆகஸ்ட், காலை 7:15
சரி, கூரை ரேக்.

பிடித்தது: வேறு எதற்கும் பயன்படாத இடம். தரையில் கிடக்கும் சேறு, ஜாக்கி, கயிறு எதுவும் ரைஃபிள் மேல் படாது. ஸ்கோப்பை யாரும் முழங்காலால் இடிக்க மாட்டார்கள்.

பிடிக்காதது: தலைக்கு மேலே 4 கிலோ. சரிவில் வண்டி உருண்டால் அது இருக்க வேண்டிய கடைசி இடம் அதுதான். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அது கூரை ஓரமாக, கதவுக்கு மேலே உள்ள பட்டைக்குள் மடிந்திருக்கும். அந்தப் பட்டையில் ஸ்க்ரூ போட்டால் ஒன்று ஏர்பேக் விரியாது, இல்லை விரிகிற வேகத்தில் ரேக்கையே உங்கள் முகத்தில் எறிந்துவிடும். தூணிலோ உள்வரிசைத் துணியிலோ ஏர்பேக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஓரத்தை மறந்துவிடுங்கள்.

அப்புறம் தகடு. கூரைத் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. எல்லாரும் ஸ்க்ரூவைப் பெரிதாகப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். 8.8 வலிமைத் தரத்தில் ஒரே ஒரு எம்6 (6 மில்லிமீட்டர் தடிமன்) ஸ்க்ரூ ஒரு டன்னுக்கு மேல் தாங்கும், அது பிய்யாது. அதைச் சுற்றியுள்ள தகடுதான் கிழியும். பின்பக்கம் 3 மில்லிமீட்டர் இரும்புப் பட்டை கொடுத்து, அல்லது அகலமான வாஷர் கொடுத்து, கனத்தைப் பரப்ப வேண்டும். கூரையில் பின்பக்கம் கை நுழையாது என்பதால் பலர் ரிவ்நட் (முன்பக்கத்திலிருந்தே துளைக்குள் பதிக்கும் நட்டு) அடிக்கிறார்கள். மெல்லிய தகட்டில் ரிவ்நட் கொஞ்ச நாளில் தளர்ந்து சுற்ற ஆரம்பிக்கும், அப்புறம் கழற்றவும் முடியாது, இறுக்கவும் முடியாது.

உங்களிடம் ரோல் பார் இருக்கிறதே, கூரைத் தகட்டின் பக்கமே ஏன் போக வேண்டும்?

8 ஆகஸ்ட், மாலை
ரோல் பாரில் துளை போடலாமா என்று உடனே ஒருவர் கேட்டுவிட்டார். கூடாது. வெல்டும் வைக்கக் கூடாது. வண்டி உருளும்போது உயிரைக் காக்கும் குழாய் அது. இரண்டு பாதியாகப் பிரிந்து குழாயைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் கிடைக்கிறது, உள்ளே ரப்பர் பட்டையோடு. முதலில் குழாயின் வெளி விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 38, 44, 50 மில்லிமீட்டர் எல்லாம் உண்டு, ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் நிற்காது. சில வண்டிகளில், குறிப்பாகத் திறந்த பக்கவாட்டுள்ள சின்ன பண்ணை வண்டிகளில், கூண்டுக் குழாய் வட்டமாகவே இருக்காது. அதற்கு அந்த வடிவத்துக்கென்றே செய்த கிளாம்ப்தான் வேண்டும். ரோல் பார் மேல் சுற்றியுள்ள பஞ்சு உறைக்கு மேல் கிளாம்ப் போடாதீர்கள், பஞ்சு அமுங்க அமுங்கப் பிடி விடும்.

11 ஆகஸ்ட், இரவு 11:20
இரண்டு சீட்டுக்கு நடுவே நிறுத்துவது. காவல் துறை வண்டிகளில் பார்த்திருப்பீர்கள், அடிக்கட்டை (தோளில் ஊன்றும் பின்பகுதி) ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும், நடுவில் மின்பூட்டு கவ்வியிருக்கும். அது அவர்களுக்குச் சரி, அவர்கள் துப்பாக்கி குட்டை. வேட்டை ரைஃபிள் ஒரு மீட்டருக்கு மேல். உங்கள் வண்டியில் தரைக்கும் கூரைக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது என்று டேப் வைத்து அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். உயரம் பற்றாமல் சாய்த்து வைத்தால் குழல் யார் பக்கம் சாய்கிறது என்பது அடுத்த கேள்வி. கியர் குச்சிக்கும் ஸ்கோப்புக்கும் தினமும் சண்டை வரும். ஜெயிப்பது கியர் குச்சி.

மின்பூட்டுப் பற்றி ஒரு வரி. மின்சாரம் வந்தால்தான் திறக்கும் வகை அது, பேட்டரி படுத்தால் பூட்டியபடியே இருக்கும். கையால் திறக்கும் சாவி உள்ளதாக வாங்குங்கள். அந்தச் சாவியை ரைஃபிள் இருக்கும் அதே பெட்டியில் வைக்காதீர்கள். (சிரிக்க வேண்டாம், ஆட்கள் செய்கிறார்கள்.)

நடுவில் நிறுத்துவதில் எனக்கு இருக்கும் பெரிய ஆட்சேபம் வேறு. வெளியே எடுக்கும்போது வெளியில் நிற்பவரின் கைக்கு முதலில் கிடைப்பது குழல் முனைதான். அதைப் பிடித்துத் தன்னை நோக்கி இழுப்பார். வண்டியிலிருந்து துப்பாக்கி எடுக்கும்போது நடக்கும் விபத்துகளில் பழைய கதை இதுதான். எந்த இடத்தில் மாட்டினாலும் அடிக்கட்டையைப் பிடித்து எடுக்க முடிகிறதா என்று வெளியில் நின்று பார்த்துவிடுங்கள். முடியாவிட்டால் அந்த இடமே சரியில்லை, ரேக் எவ்வளவு உறுதியாக இருந்தால் என்ன.

15 ஆகஸ்ட், மதியம்
எங்கே மாட்டுவது என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். ரைஃபிளின் எந்த இடத்தைப் பிடிப்பது என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு இடம். ஒன்று, விசைக்குப் பின்னால் கட்டை ஒல்லியாகும் மணிக்கட்டுப் பகுதி அல்லது அடிக்கட்டை. இன்னொன்று, குழலுக்குக் கீழே கை பிடிக்கும் முன்கட்டை. குழலைக் கவ்வக் கூடாது. ஸ்கோப்பைக் கவ்வவும் கூடாது, ஸ்கோப் எதன் மேலும் சாய்ந்திருக்கவும் கூடாது. நல்ல வேட்டை ரைஃபிள்களில் பல, குழல் முன்கட்டையைத் தொடாமல் மிதக்கும்படி செய்தவை. கிளாம்ப்பைக் குழலில் போட்டால் ரைஃபிளின் மொத்தக் கனமும் ஒவ்வொரு குலுக்கலிலும் அந்தக் குழல் வழியாகத்தான் போகும். ஸ்கோப்பின் கதை இன்னும் மோசம். ஸ்கோப் வளையத்து ஸ்க்ரூக்களை ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டருக்குத்தான் இறுக்குகிறோம், விரல் நுனியில் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்புகிற இறுக்கம். அதன் மேல் ரைஃபிளைத் தொங்கவிட்டு மண் ரோட்டில் ஓட்டினால் ஜீரோ, அதாவது குறி வைத்த இடத்திலேயே தோட்டா படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்த நிலை, எங்கே நிற்கும்? ஒரு நிமிடக் கோணம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) நகர்ந்தால் 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர் தள்ளும், 300 மீட்டரில் ஏறக்குறைய 9. விலங்கு காயத்தோடு ஓடிப்போக அது போதும்.

விசைக் கூட்டைச் சுற்றிக் கவ்வும் பூட்டுகளும் விற்கிறார்கள். திருடனுக்காகச் செய்தது, குலுக்கலுக்காகச் செய்ததில்லை. அதை மட்டும் நம்பி ரைஃபிளை நிறுத்தாதீர்கள்.

15 ஆகஸ்ட், மதியம், கொஞ்சம் கழித்து
கவ்வியின் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் முக்கியம். கூரை ரேக்குகள் பலவற்றில் வாய் கீழே பார்த்திருக்கும், மாட்டச் சுலபம் என்று. ஆனால் ஒவ்வொரு பள்ளமும் ரைஃபிளை அந்த வாய் வழியாகத்தான் தள்ளுகிறது. குறுக்கே மாட்டினால் வாய் வண்டியின் முன்பக்கம் பார்க்கக் கூடாது, பிரேக் அடித்தால் அதே கதை. நீளவாக்கில் மாட்டினால் இன்னொரு சிக்கல் வரும். கவ்விகள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ரைஃபிள் அவற்றுக்குள் வழுக்கி நேராக முன்னால் பாயும், முன்கண்ணாடி வரை. முன்பக்கம் எதிலாவது முட்டி நிற்கும்படி தடுப்புப் பட்டை கட்டாயம் வேண்டும். கடையில் வாங்கும் ரேக் பலவற்றில் அந்தத் தடுப்பு இருக்காது.

21 ஆகஸ்ட், காலை
துளை போடாமல் என்று கேட்டிருந்தீர்கள். வண்டியில் ஏற்கெனவே உறுதியான இடங்கள் இருக்கின்றன: சீட்டுக் கால் ஸ்க்ரூக்கள், சாமான் கட்ட தரையில் உள்ள வளையங்கள், ஏறும்போது பிடிக்கும் கைப்பிடியின் துளைகள் (ஏர்பேக் அந்தப் பட்டைக்குள் இல்லை என்றால் மட்டும்). சீட்டுக் கால் ஸ்க்ரூவின் கீழே ஒரு பட்டையைக் கொடுத்து ரேக்கைக் கட்டலாம். பட்டை சேர்ந்த கனத்துக்கு ஏற்ற நீள ஸ்க்ரூ, அதே தரத்தில், கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும்.

சீட் பெல்ட் கொக்கி ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். அது நல்ல கெட்டியான இடம் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். பெல்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே பட்டை நுழைந்தால் பெல்ட்டின் கோணமும் பிடியும் மாறும். ரைஃபிளைக் காப்பாற்றிவிட்டு மனிதனை வெளியே பறக்கவிடுவதா?

27 ஆகஸ்ட், இரவு 8:30
என் ரோல் பார் ரேக் பற்றி. குறுக்கே அலை அலையாக மேடுபள்ளம் விழுந்த மண் ரோட்டில் நீண்ட ஓட்டம் ஒன்று முடித்து வந்தேன், அதனால் 8ஆம் தேதி எழுதியதோடு கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கிறது.

அந்த அலைகள் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் இடைவெளியில் இருக்கும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 14 முதல் 28 அதிர்வு. நின்றால் அசையாத ரேக், அந்த வேகத்தில் தையல் மெஷின் ஊசி மாதிரி நடுங்குகிறது. வேகத்தைக் கொஞ்சம் மாற்றினால் அடங்குகிறது, இன்னொரு வேகத்தில் மறுபடி பிடித்துக்கொள்கிறது. ரேக்கின் கை நீளமாக இருந்தால் நடுக்கமும் அதிகம். நான் செய்தது, கவ்வியைக் குழாய்க்கு நெருக்கமாகக் கொண்டுவந்ததும், இரண்டு கவ்விகளுக்கும் நடுவே ஒரு குறுக்குப் பட்டை கொடுத்ததும்தான். பெரிய அளவில் அடங்கிவிட்டது.

ஸ்க்ரூ தளர்வதைப் பிடிக்க ஒரு எளிய வழி: இறுக்கி முடித்ததும் ஸ்க்ரூ தலையிலிருந்து பட்டை வரை வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்த முறை கோடு ஒடிந்திருந்தால் ஸ்க்ரூ திரும்பியிருக்கிறது. ஸ்பேனரே வேண்டாம், டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். என் ரேக்கில் நைலான் வளையம் உள்ள லாக் நட்டு போட்ட இடங்களில் கோடு அப்படியே இருந்தது. வெறும் ஸ்ப்ரிங் வாஷர் போட்ட இடத்தில் தெளிவாக ஒடிந்திருந்தது. நட்டுக்கு இடம் இல்லாத இடத்தில் நீல நிற திரெட் லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், அதைக் கழற்ற நெருப்பு வைத்துச் சுட வேண்டும், பக்கத்திலேயே பிளாஸ்டிக்கும் துணியும்.

ரப்பர் பட்டைக் கவ்விகள் நல்லவைதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் ரப்பர் வெயிலில் முதிரும். வளைத்துப் பாருங்கள், மேலே மெல்லிய விரிசல் தெரிந்தால் மாற்ற வேண்டிய நேரம்.

2 செப்டம்பர், காலை 6:50
நாய் பற்றி ஒருவர் கேட்டார், பின் சீட்டில் நாய், பக்கத்திலேயே ரைஃபிள், பரவாயில்லையா என்று. பரவாயில்லை என்று சொல்லவே முடியாது. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு பிக்கப்பின் பின்புறம் கிடந்த ரைஃபிளை நாய் மிதித்து, அது வெடித்து, முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் இறந்துபோனார். அங்கே இரண்டு விஷயம் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன: ரைஃபிளுக்குள் தோட்டா, அதோடு கட்டாமல் கிடந்த ரைஃபிள். இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால் அது நடந்திருக்காது. ஆகஸ்ட் 6 இரவு 10:05க்கு எழுதியதை மறுபடி படியுங்கள்.

9 செப்டம்பர்
தூசி. திறந்த ரேக்கில் மாட்டினால் நாள் முடிவில் போல்ட்டை இழுக்கும்போதே கரகரவென்று தெரியும். குழல் வாயில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப், ஸ்கோப்புக்கு மூடி, போல்ட் பகுதியில் ஒரு துணி உறை. எண்ணெய் அதிகம் தடவாதீர்கள், தூசி எல்லாம் அதில் வந்து ஒட்டிப் பசையாகிவிடும்.

பெட்டிக்குள் வைப்பவர்களுக்கு எதிர்ப் பிரச்சினை, ஈரம். பஞ்சு மாதிரி நீரை உறிஞ்சும் ஃபோம் உள்ள பெட்டியில் நனைந்த ரைஃபிளை மூடி வைத்தால் மறுநாளே துரு பூக்கும். நீரை உறிஞ்சாத, நுண்ணறைகள் மூடிய ஃபோம் வேண்டும். ராத்திரி தங்கும் இடத்தில் பெட்டியைத் திறந்து வையுங்கள், சட்டம் அனுமதிக்கும் இடமாக இருந்தால். ஏசி போட்ட வண்டியிலிருந்து புழுக்கமான வெளியில் எடுத்தால் ஸ்கோப் கண்ணாடி பூத்துப்போகும், துடைக்கத் துடைக்க மறுபடி வரும். கொஞ்ச நேரம் முன்பே ஏசியை நிறுத்திவிட்டால் தொல்லை இல்லை.

14 செப்டம்பர், இரவு
திருட்டைப் பற்றி அதிகம் எழுதவில்லை என்று குறை. எழுத அதிகம் இல்லை. வெளியிலிருந்து தெரியும் ரேக்கில் எந்தப் பூட்டும் கண்ணாடி உடைபடுவதைத் தடுக்காது. பூட்டு திருடனுக்குச் சில நிமிடம் தாமதம், அவ்வளவுதான். வண்டியை விட்டு இறங்கினால் ரைஃபிள் கண்ணில் படக் கூடாது, வேட்டை ஸ்டிக்கர் கண்ணாடியில் இருக்கக் கூடாது, ராத்திரி வண்டிக்குள் ரைஃபிள் தங்கவும் கூடாது. கழற்றிய போல்ட் உங்கள் பையில் இருந்தால் திருடனிடம் இருப்பது அரைகுறைப் பொருள். தோட்டா தனியாக, பூட்டிய டப்பாவில். டாஷ்போர்டில் வெயில் படும்படி வைக்காதீர்கள்.

20 செப்டம்பர், காலை 10:00
எல்லாவற்றையும் படித்துவிட்டு "கடைசியில் என்னதான் சொல்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார், கேள்வி போட்டவர். நியாயம்.

ஒரே மாட்டலில் இரண்டு வேலை வாங்கப் பார்க்கிறோம். ரோட்டில் 80இல் ஓடும்போது ரைஃபிள் பத்திரமாக இருக்க வேண்டும், காட்டுக்குள் 10இல் ஊரும்போது கைக்கு வர வேண்டும். முதலாவதற்குப் பூட்டிய கெட்டிப் பெட்டி, தாழ்வாக, பின் சீட்டின் முதுகுக்கு ஒட்டிக் குறுக்கே. குறுக்கே வைத்தால் முன்னால் மோதும்போது பெட்டியின் நீளப் பக்கம் முழுக்க சீட்டு முதுகில் சாயும், கனம் ஓரிடத்தில் குத்தாது. பெட்டியைத் தரை வளையங்களில் ராட்செட் பட்டையால் நான்கு மூலையும் கட்டுங்கள். பெட்டியின் பிளாஸ்டிக் கைப்பிடி வழியாகப் பட்டையை விடாதீர்கள், பெட்டியின் உடம்பைச் சுற்றிப் போகட்டும். இரண்டாவதற்கு ரோல் பார் ரேக், காலி ரைஃபிளோடு, மெதுவாகப் போகும் கடைசித் துண்டுக்கு மட்டும். உங்கள் ஊரில் அதற்கு அனுமதி இல்லை என்றால் ரேக்கே வேண்டாம், பெட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் நான் கூரையைக் கொஞ்சம் ஆதரித்த மாதிரி எழுதியிருக்கிறேன். இப்போது கேட்டால் கூரைத் தகட்டில் எதையும் மாட்டச் சொல்ல மாட்டேன்.

20 செப்டம்பர், மதியம்
பெட்டி போதுமான அளவு கட்டியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? சாமான் லாரிகளுக்கான ஐரோப்பியக் கணக்கில் முன்னால் 0.8 மடங்கு, பக்கவாட்டிலும் பின்னாலும் 0.5 மடங்கு கனம் தாங்கினால் போதும் என்பார்கள். அது பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் போட்ட கணக்கு, மோதலுக்குப் போட்டதில்லை. நான் பார்க்கும் முறை: சாமான் எடை பார்க்கும் கொக்கித் தராசைப் பட்டையில் மாட்டி, ஆள் பலம் முழுக்கக் கொடுத்து முன்னால், பக்கவாட்டில், மேல்நோக்கி இழுப்பது. பெட்டி ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் பட்டையை மறுபடி கட்டுகிறேன். மேல்நோக்கி இழுப்பதை யாரும் செய்வதில்லை. வண்டி உருளும்போது இழுப்பு வருவது அந்தத் திசையில்தான்.

23 செப்டம்பர்
வண்டிக்கு வெளியே, கூரை மேல் கேரியரில் பெட்டியைக் கட்டினால் என்ன என்று இன்னொருவர். மழை, வெயில், தாழ்ந்த மரக்கிளை, உயரே ஏறிய கனம், வண்டி நின்ற இடத்தில் எவன் வேண்டுமானாலும் ஏறித் தொடலாம். உள்ளே இடமே இல்லை என்றால் முதலில் உள்ளே கிடக்கும் ஸ்பேர் டயர் மாதிரி சாமானை மேலே ஏற்றிவிட்டு, ரைஃபிளை உள்ளே கொண்டுவாருங்கள்.